பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த ஜெர்மன் ஹெல்மெட்டுகள்: மகன் திருப்பிக் கேட்கிறார், என்ன செய்வது?

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐ.டி. வேலை, எச்-1பி விசா, மனைவி, இரண்டு குழந்தைகள். பக்கத்து வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு அமெரிக்கப் பாட்டி தனியாக இருந்தார். பனி தள்ளிக் கொடுப்பது, மருந்துக்கடைக்குக் கூட்டிப்போவது, கரண்ட் பில் கட்டித் தருவது என்று சில வருடங்களாக இவர் உதவி செய்துவந்திருக்கிறார். போன வருடம் பாட்டி முதியோர் இல்லத்துக்கு மாறும்போது, இவருக்குப் பழைய போர்ச் சாமான்கள் மேல் ஆர்வம் என்று தெரிந்து, கணவர் 1945இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஹெல்மெட்டை 200 டாலருக்கு விற்றிருக்கிறார். இவர் செக்காகக் கொடுத்தார். கூடவே, மாமனார் முதல் உலகப் போரில் "பதுங்குகுழியில் ஒரு ஜெர்மன்காரனிடமிருந்து பிடுங்கிய" கூர்முனை வைத்த தோல் ஹெல்மெட்டைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

இவர் போட்டோ எடுத்துச் சேகரிப்பாளர்கள் சிலருக்கு அனுப்ப, இரும்பு ஹெல்மெட்டின் வலப்பக்கத்தில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையுடைய மின்னல் சின்னம் இருப்பதைப் பார்த்த ஒருவர் 6,000 டாலர் தருகிறேன் என்றாராம். அது எப்படியோ வேறு மாநிலத்தில் இருக்கும் பாட்டியின் மகன் காதுக்குப் போய், "அம்மாவை ஏமாற்றி வாங்கிவிட்டாய், பவர் ஆஃப் அட்டர்னி என்னிடம் இருக்கிறது, அம்மா விற்றது செல்லாது, திருப்பித் தராவிட்டால் போலீஸ்" என்று மெயில் வந்திருக்கிறது. வாசகர் கேட்பது: விற்பனை செல்லுமா? போரில் எடுத்ததற்கான காகிதம் இல்லையே, இது திருட்டுப் பொருளா? ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பி அங்கே விற்கலாமா, "சொந்த நாட்டில்தானே நல்ல விலை போகும்"? துருவைத் துடைத்து, மங்கிய சின்னத்தை லேசாகச் சரிசெய்யலாமா? நாஜிச் சின்னம் வீட்டில் இருக்கக்கூடாது என்று மனைவி சொல்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது? இதையே வாங்கி விற்கும் சின்னத் தொழிலாகச் செய்யலாம் என்ற யோசனை வேறு இருக்கிறதாம்.

நண்பருக்கு,

முதலில் போலீஸ் பயத்தை விடுங்கள். செக் கொடுத்து, பொருளின் சொந்தக்காரர் கையாலேயே வாங்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது இரண்டு தரப்புக்கு இடையிலான சிவில் தகராறு. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், முதியவர்களை ஏமாற்றிச் சொத்து வாங்குவது எல்லா மாநிலங்களிலும் குற்றம்தான். அதனால் மகனுக்குக் கோபமாக ஒரு வரிகூட எழுதாதீர்கள், போனில் பேசவே பேசாதீர்கள்.

அடுத்தது அந்த 6,000 டாலர். நீங்களும் மகனும் அந்த எண்ணை நம்பிக்கொண்டு மல்லுக்கு நிற்கத் தயாராகிவிட்டீர்கள். முகம் தெரியாத ஒருவர் போட்டோ பார்த்துச் சொன்ன விலை அது. நான் வாரிசுச் சொத்து வழக்குகள் பார்க்கிற வக்கீல். அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த போர்ச் சாமானுக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போய், கடைசியில் மதிப்பீட்டாளர் வந்து "இது போலி" என்று சொன்ன கதைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டத்துக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம்.

கையில் இருப்பது என்ன?

உங்கள் படங்களில் ஹெல்மெட்டின் விளிம்பு உள்பக்கமாக மடித்து உருட்டப்பட்டிருக்கிறது. பக்கவாட்டுக் காற்றுத் துளையில் தனியாக ஒரு குட்டி வளையம் பொருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் இது எம்35 என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் 1935 மாதிரி. எம்40இல் அந்த வளையத்தைத் தகட்டிலேயே அழுத்தி எடுத்துவிட்டார்கள், எம்42இல் விளிம்பை மடிப்பதையும் விட்டுவிட்டார்கள். போர் முற்ற முற்றச் செலவைக் குறைத்தது ஹெல்மெட்டிலேயே தெரியும். உள்ளே அச்சடித்திருக்கும் "ஈ.டி. 64" என்பதில் முதல் இரண்டு எழுத்து தாலே என்ற ஊரின் ஆலை, 64 ஹெல்மெட்டின் இரும்புக் கூட்டின் அளவு. இதுவரை எல்லாம் சரி.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் தோல் உறை. எட்டு நாக்குகளாக வெட்டி மேலே ஒரு கயிற்றால் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். அதைத் தாங்கும் உலோகப் பட்டையில் ஓர் எண் இருக்கும். 64 கூட்டுக்கு 56 அல்லது 57 சென்டிமீட்டர் தலைக்கான உறைதான் பொருந்தும். 59 என்று இருந்தால் அது 66 கூட்டுக்கான உறை, யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். உறையைப் பிடித்திருக்கும் மூன்று பின்களின் தலையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, சுற்றி ஸ்க்ரூடிரைவர் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள், எதையும் கழற்றாதீர்கள்.

சிக்கல் அந்தச் சின்னத்தில்தான். சாதாரணத் தரைப்படை எம்35 சில நூறு டாலர் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை போகும். எஸ்.எஸ். என்றால் அதுவே பல மடங்கு. அந்த வித்தியாசம் முழுவதும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டிய ஒரு சின்னத்தில் இருக்கும்போது போலி வராமல் இருக்குமா? ஹெல்மெட் அசல், சின்னம் மட்டும் பிற்பாடு ஒட்டியது என்பதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய மோசடி, போர் முடிந்து கொஞ்ச காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. "ஷாம்பேன் ரூன்" என்று ஒரு வகை எஸ்.எஸ். சின்னம் உண்டு. வெளிர் பொன்னிறத்தில் இருக்கும். கரைகண்ட சேகரிப்பாளர்களே வருடக்கணக்கில் அசல் என்று நம்பிப் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள், கடைசியில் போருக்குப் பின் செய்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் உங்களுக்கும் எனக்கும் போட்டோவை வைத்து என்ன தெரியும்?

"ஆனால் இது நேராக வீரர் வீட்டிலிருந்து வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல விஷயம்தான், ஆனால் போதாது. ஹெல்மெட்டை வாங்கு, கதையை வாங்காதே என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எஸ்.எஸ். அதிகாரி தலையிலிருந்து பாட்டியின் கணவரே கழற்றினார் என்பது குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதையாக இருக்கலாம். 1945 மே மாதம் சரணடைந்த படைகள் கழற்றிப் போட்ட ஹெல்மெட்டுகள் குவியலாகக் கிடந்தன, போகிற போக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டவர்கள்தான் ஏராளம். சிலர் ஹெல்மெட்டின் மேலேயே வீட்டு முகவரியை எழுதித் தபாலில் போட்டார்கள், அப்படியே வந்தும் சேர்ந்தது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. பாட்டியின் கணவரே பிற்காலத்தில் ஏதாவது கண்காட்சியில் வாங்கி வைத்திருக்கலாம். அவருடைய ராணுவப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம் என்றால், அவை இருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் நடந்த தீவிபத்தில் அந்தக் காலத் தரைப்படைப் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எரிந்துபோய்விட்டன. அதோடு, அந்தப் பதிவைக் கேட்டு வாங்க மகனே விண்ணப்பிப்பது நல்லது. இதையும் மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

உங்களிடம் இருக்கும் நல்ல துப்பு, பின்பக்க உள்விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும் பெயர். ஜெர்மன் சிப்பாய்கள் அப்படி எழுதி வைப்பது வழக்கம். காஸல் நகரில் இருக்கும் ஜெர்மன் போர்க் கல்லறை அமைப்பான ஃபோல்க்ஸ்புண்டின் இணையத் தேடலில் இலவசமாகத் தேடலாம். இறந்தவர் என்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு. பெர்லினில் இருக்கும் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கும் எழுதலாம், வீரர்கள் பற்றிய பழைய தகவல் அலுவலகக் கோப்புகள் 2019 முதல் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரியவர் சாதாரணக் காலாட்படைக்காரர் என்று தெரியவந்தால், மின்னல் சின்னத்தின் மேல் சந்தேகம் பல மடங்கு கூடிவிடும். அந்தப் பெயரைப் பொதுவெளியில் போடாதீர்கள். பேரன் பேத்திகள் உயிரோடு இருப்பார்கள்.

கூர்முனைத் தோல் ஹெல்மெட் வேறு கதை. பிரஷ்யக் கழுகு, உள்ளே வியர்வைக் கறையே இல்லை, தோல் புத்தம் புதிதாக இருக்கிறது என்கிறீர்கள். பதுங்குகுழியில் பிடுங்கியது இவ்வளவு சுத்தமாக இருக்காது. 1919இல் அமெரிக்க அரசு போர்க்கடன் பத்திரங்களை விற்க மக்களை ஊக்கப்படுத்தியபோது, கைப்பற்றிய ஜெர்மன் ஹெல்மெட்டுகளில் சுமார் 85,000ஐ அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்து, பத்திரம் விற்றுக் கொடுத்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அந்த ஹெல்மெட்டுகளை அடுக்கி ஒரு பிரமிடே கட்டினார்கள். பாட்டியின் மாமனார் போருக்கே போகாமல் பத்திரம் விற்று வாங்கியதாகக்கூட இருக்கலாம். இதை மகனிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

பாட்டி விற்றது செல்லுமா?

உங்களைப் போலவே மகனும் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார். பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டதால் கொடுத்தவரின் உரிமை போய்விடாது. அவர் சார்பில் இன்னொருவரும் செயல்படலாம், அவ்வளவுதான். பாட்டியின் கையைக் கட்டிப்போட நீதிமன்றம் கார்டியன் நியமித்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. வயது, மறதி, இவையும் தனியாகப் போதாது. அன்றைக்கு அவருக்குத் தான் எதை விற்கிறோம், யாருக்கு விற்கிறோம் என்று புரிந்ததா என்பதுதான் கேள்வி, புரியவில்லை என்று நிரூபிக்க வேண்டியது பொதுவாக மகன் தரப்பு.

ஆனால் நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் உதவிகள்தான் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடிய இடம். பில் கட்டினேன், மருந்து வாங்கினேன் என்கிறீர்கள். வயதானவர் ஒருவரை நம்பியிருக்கும் நிலையில் அவர் பொருள் அந்த ஒருவருக்கே மலிவாகப் போனால், நீதிமன்றம் அதை ஐயத்தோடுதான் பார்க்கும். சில சூழ்நிலைகளில் "நான் வற்புறுத்தவில்லை" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். பாட்டியின் பணத்தை நீங்கள் கையாண்டீர்களா, அவர் சொல்லி அவர் கணக்கிலிருந்து கட்டினீர்களா என்பதெல்லாம் முக்கியம். பழைய குறுஞ்செய்திகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள்.

விலை குறைவாக இருந்தது என்பதற்காக மட்டும் விற்பனை செல்லாமல் போகாது. இதற்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஜோடியாகச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பழைய வழக்குகள் உண்டு. விஸ்கான்சினில் ஒரு பெண் தான் கண்டெடுத்த கல்லை நகைக்கடையில் ஒரு டாலருக்கு விற்றார். அது பட்டை தீட்டாத வைரம், மதிப்பு சுமார் 700 டாலர். கடைக்காரருக்கும் அப்போது தெரியாது என்பதால் விற்பனை செல்லும் என்று 1885இல் தீர்ப்பானது. இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து மாநிலமான மிஷிகனில், மலடு என்று நினைத்து 80 டாலருக்கு விலைபேசிய பசு சினையாக இருந்தது. அதன் மதிப்பு 750 டாலருக்குக் குறையாது. அங்கே விற்றவர் பக்கம் தீர்ப்பு போனது. உங்கள் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்றால், நான் வைரக் கல் பக்கம் என்பேன், ஒரு நிபந்தனையோடு: வாங்கும்போது உங்களுக்கு எஸ்.எஸ். சின்னத்தின் விலை தெரிந்திருக்கக்கூடாது. கடிதத்தில் "அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை உங்கள் ஊர் வக்கீலிடம் மட்டும் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தோல் ஹெல்மெட் அன்பளிப்பு. கொடுக்கும் எண்ணம், கையில் கொடுத்தது, நீங்கள் வாங்கிக்கொண்டது என மூன்றும் நடந்துவிட்டதால் அது முடிந்த விஷயம்தான். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. செக் இருப்பதால் இரும்பு ஹெல்மெட்டில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, இதில் அப்படி இல்லை.

காகிதம் இல்லாவிட்டால் திருட்டா?

இல்லை. ஹெல்மெட் ஜெர்மன் அரசின் ராணுவச் சொத்து. எதிரி நாட்டு அரசின் போர்ப் பயன்பாட்டுச் சாமான்களைக் கைப்பற்றலாம் என்று போர் நடத்தும் முறை பற்றிய 1907ஆம் ஆண்டு ஹேக் சர்வதேச விதிகள் சொல்கின்றன, தனியார் சொத்தைத்தான் தொடக்கூடாது. அப்படிக் கைப்பற்றியதில் சிலவற்றை வீரர்கள் நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துப்போக அமெரிக்கப் போர்த்துறை 1944 மே 28 தேதியிட்ட 155ஆம் எண் சுற்றறிக்கையில் வழி செய்தது. மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுக்கும் அந்தச் சான்றிதழ் இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். இல்லாத ஹெல்மெட்டுகள்தான் அதிகம், அதனால் உங்கள் உரிமைக்கு ஒன்றும் ஆகாது. ஹெல்மெட்டில் பெயர் உள்ள சிப்பாயின் குடும்பமும் உரிமை கோர முடியாது, அது அவருடைய சொந்தப் பொருளே இல்லை.

வீரர் கொண்டுவந்தது எல்லாமே இப்படி இல்லை. ஜெர்மனியில் க்வெட்லின்பர்க் என்ற ஊரின் தேவாலயப் பொக்கிஷங்களை ஓர் அமெரிக்க லெப்டினன்ட் தபாலிலேயே டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டார், அவருடைய வாரிசுகள் 1990களின் தொடக்கத்தில் பேச்சுவார்த்தை நடத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பாட்டி வீட்டுப் பெட்டியில் மோதிரம், கடிகாரம், ஓவியம் என்று வேறு ஏதாவது உங்களுக்கு வந்திருந்தால் தனியாக எழுதுங்கள்.

ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்

இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். அதற்காக இறக்குமதி செய்வதும் இதில் அடங்கும். கல்வி, ஆராய்ச்சி, கலை, வரலாற்று நோக்கங்களுக்கு விலக்கு இருக்கிறது, அங்கே ஏல நிறுவனங்கள் சின்னத்தை மறைத்து அட்டவணை போட்டு, வாங்குபவரிடம் அந்த நோக்கத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விற்கின்றன. அது தொழில்முறை ஆட்கள் வக்கீலை வைத்துக்கொண்டு செய்வது. வேலை விசாவில் இருக்கும் உங்கள் தம்பி இணையத்தில் படம் போட்டு விற்கிற வேலை இல்லை. ஆஸ்திரியா, பிரான்ஸ் இரண்டிலும் இதே மாதிரித் தடைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி 8 முதல் இந்தச் சின்னங்கள் உள்ள பொருட்களை வாங்கி விற்பதற்கே கட்டுப்பாடு வந்துவிட்டது. நல்ல விலை "சொந்த நாட்டில்" போகும் என்பதும் தப்புக் கணக்கு, இதற்குச் சட்டச் சிக்கல் இல்லாத பெரிய சந்தை நீங்கள் உட்கார்ந்திருக்கும் அமெரிக்காதான். தோல் ஹெல்மெட்டில் நாஜிச் சின்னம் எதுவும் இல்லை, அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

துடைப்பது, வைப்பது

டபிள்யூடி-40 ஸ்ப்ரே, உப்புத்தாள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். துருவைத் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து போகும். சின்னத்தை "லேசாகச் சரிசெய்வது" விலையைக் கெடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைச் சொல்லாமல் விற்றால் நீங்களே மோசடிக்காரர் ஆகிவிடுவீர்கள். தரைக்கடியில் இருக்கும் பேஸ்மென்டிலும் கராஜிலும் ஈரம் ஏறும், அங்கே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையும் கூடாது. அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைச் சுற்றி அட்டைப்பெட்டியில், வீட்டுக்குள் ஓர் அலமாரியில் வையுங்கள்.

அலமாரிக்குள் போய்விட்டால் உங்கள் மனைவியின் கவலையில் பாதியும் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் வீட்டுக்குள் வைத்திருப்பது சட்டப்படி குற்றமில்லைதான். ஆனால் இதில் நான் அவர் கட்சி. எஸ்.எஸ். என்பது வதைமுகாம்களை நடத்திய அமைப்பு. உங்கள் பையனின் நண்பன் யூதக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்து, விளையாட வந்தவன் கூடத்தில் அதைப் பார்த்தால் அவன் வீட்டில் என்ன போய்ச் சொல்வான்? "சேகரிப்பு" என்று நீங்கள் விளக்கம் சொல்வதற்குள் தெரு முழுவதும் பரவியிருக்கும். குழந்தைகள் தலையில் மாட்டி எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தீர்களே, அதை அழித்துவிடுங்கள்.

மகனுக்கு என்ன எழுதுவது?

சண்டை போட்டால் ஜெயிக்கலாம். ஆனால் வக்கீல் கட்டணம் மணிக்குச் சில நூறு டாலர். ஹெல்மெட் சாதாரணத் தரைப்படையுடையது என்று தெரியவந்தால் ஜெயித்தவருக்கும் நஷ்டம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மரியாதையாக ஒரு பக்கக் கடிதம்: அம்மா விரும்பிக் கொடுத்ததாகவே நினைத்து வாங்கினேன், இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், விஷயம் முடியும்வரை விற்கமாட்டேன், இருவருக்கும் பொதுவான ஒரு மதிப்பீட்டாளரிடம் நேரில் காட்டலாம், செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம், அப்பாவின் ராணுவப் பதிவை நீங்கள் கேட்டு வாங்கினால் அதுவும் உதவும். சின்னம் அசல் என்றால் விற்ற பணத்தில் ஒரு பங்கு அல்லது செக் தொகையைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு ஹெல்மெட்டைக் கொடுப்பது, எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். தோல் ஹெல்மெட்டை எந்த நிபந்தனையும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது அவருடைய தாத்தா வீட்டுப் பொருள், நீங்கள் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. அந்த ஒரு செயலிலேயே "ஏமாற்றிவிட்டான்" என்ற பேச்சு பாதி அடங்கிவிடும். அனுப்புவதற்கு முன் கடிதத்தை உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இது முடியும்வரை பாட்டியைத் தனியாகப் போய்ப் பார்த்து இதைப் பற்றிப் பேசாதீர்கள், எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் வற்புறுத்தியதாகத்தான் படிக்கப்படும். பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுபோகலாம், உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு.

தொழில் யோசனை

உங்களிடம் இருக்கும் ஒரு பொருளை எப்போதாவது விற்பது வேறு. லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்பது வேறு. எச்-1பி விசா உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் வேலை செய்யத்தான் அனுமதி கொடுக்கிறது. இரண்டாவது வகை, அனுமதியில்லாத வேலை என்று ஆகி, கிரீன் கார்டு நேரத்தில் முன்னால் வந்து நிற்கும். குடியேற்றச் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். ஒரே ஒரு ஹெல்மெட்டை விற்றாலும் லாபத்துக்கு வரி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் சேகரிப்புப் பொருட்களுக்கு மத்திய அரசின் வரி அதிகபட்சம் 28 சதவீதம், அதற்குள் விற்றால் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கும் விலைக்கும் அந்த 200 டாலர் செக்தான் சாட்சி, வங்கியிலிருந்து அதன் இரண்டு பக்க நகலையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.